டபிள்யூ.பி.க்கு மட்டும் ஒரு பொய்

செல்லச்சாமி ஆளின் முகத்தைப் பார்ப்பதில்லை. ஆள் வந்திறங்கும் வண்டியின் நம்பர் பிளேட்டைத்தான் பார்ப்பான். கண்டி ஸ்டேஷன் வாசலில் பன்னிரண்டு வருஷம் ஆட்டோ ஓட்டிப் படித்த படிப்பு அது. சி.பி. என்றால் மத்திய மாகாணம். நம்ம ஆள், வாயை மூடு. என்.டபிள்யூ. குருநாகல் பக்கம். பேரம் பேசியே உயிரை எடுக்கும். டபிள்யூ.பி. கொழும்பு. இரக்கமுள்ள சனம். மறுபடி கண்ணில் படாத சனம்.

ஆகவே டபிள்யூ.பி. ஆட்களிடம் மட்டும் ஒரு பொய் சொல்வான். பெண்சாதி செத்துவிட்டாள் என்று. இறங்கும்போது யாரும் மீதி கேட்பதில்லை. வீட்டில் வீரம்மா குத்துக்கல்லாட்டம் இருந்தாள். அவள் காதுக்கு இது போனால், செத்தது யார் என்பதே மாறிவிடும்.

ஒரு சனிக்கிழமை ஹந்தானை மலை ஏற்றத்தில் ஒரு வேன் டயர் வெடித்து நின்றது. டபிள்யூ.பி. பிளேட். அதிலிருந்து இறங்கிய பெண், மேலே கல்யாண வீட்டுக்குப் போகவேண்டும் என்று அவ்வழியே வந்த அவன் ஆட்டோவில் ஏறினாள்.

இரண்டாம் வளைவிலேயே செல்லச்சாமி மூக்கை உறிஞ்சினான்.

"என்னண்ணே, சளியா?"

"இல்ல தங்கச்சி. இந்த ரோட்டுலதான் சம்சாரத்தக் கூட்டிக்கிட்டுப் போவேன். போயிட்டா. மூணு வருஷமாச்சு."

"ஐயோ! பேரு என்னண்ணே?"

"வீரம்மா. ஊரு புசல்லாவ." பொய்யில் கொஞ்சம் உண்மை கலந்தால் கனம் கூடும் என்பது அவன் கணக்கு.

"நெத்தியில தழும்பு இருக்குமே, அந்த வீரம்மாவா?"

"ஆ... ஆமா."

அவள் ஓவென்று அழுதாள். "ஒரே பெஞ்சுல படிச்சோம்ணே! நான் கமலம்!"

செல்லச்சாமிக்குப் பிரேக் எது, கிளட்ச் எது என்று தெரியவில்லை.

"நீங்க... கொழும்பு இல்லியா?"

"நாவலப்பிட்டிண்ணே. வேன்தான் கொழும்பு மச்சானோடது, இரவல். ஒங்க வீடு எங்க? படத்துக்கு ஒரு மால போடணும்."

வீடு மாறிவிட்டோம், படம் இல்லை, மாலை ஆகாது என்று என்னென்னவோ உளறினான். அவளை இறக்கிவிட்டுக் காசும் வாங்காமல் ஓடிவந்தான். தன் ஆட்டோவின் முதுகிலும் ஒரு நம்பர் பிளேட் இருப்பது அவனுக்கு நினைவில்லை. ஸ்டேஷனில் அதைச் சொன்னால் வீட்டு வாசல்வரை வழி காட்டுவார்கள்.

சாயங்காலம் வந்தால், வாசலில் அந்த வேன். அக்கம்பக்கம் முழுக்கக் கூடி நின்றது. யாரும் சிரிக்கவில்லை. அதுதான் உடம்பைக் கூசவைத்தது. உள்ளே கதிரையில் உட்கார்ந்தபடி வீரம்மா. கண் மூடியிருந்தாள். கழுத்தில் மாலை, முன்னால் விளக்கு. பக்கத்தில் கமலம் கல்யாண வீட்டுக் கேக் தின்றுகொண்டிருந்தாள்.

தலையைத் தூக்காமல் செருப்பைக் கழற்றினான்.

"வீரம்மா..."

சத்தம் இல்லை.

"ஏ புள்ள, தப்புத்தான். ஊரே பார்க்குது, எழும்பு."

சத்தம் இல்லை. அடுப்பிலும் நெருப்பு இல்லை.

"பசிக்குதுடி."

வீரம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"செத்தவ எப்பிடிங்க சமைப்பா?"