காலித் தோட்டாவின் வீரியம்

எதையும் அரைகுறையாகத் தெரிந்தவன்தான் அதைப் பற்றி அதிக நேரம் பேசுவான். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் ஊராகத் திரிந்த எனக்கு எல்லாமே அரைகுறைதான். (அதனால் பேச்சுக்குக் குறைவில்லை.)

வடக்கே ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் கூட்டிப் பெருக்கும் வேலை போய், ஆமத்தூர் திரும்பியிருந்தேன். சம்பாத்தியம் என்று கையில் இருந்தது மூன்று அளவில் மூன்று காலித் தோட்டாக்கள்: .32, 9 எம்.எம்., .45. பார்த்த பெண் வீட்டார் எல்லாம், "ஒரு இடத்துல நிக்க மாட்டான்" என்று ஒதுங்கிவிட்டார்கள். கடைசியாகத் தாயில்பட்டியிலிருந்து ஒரு வரன். இதுவும் போனால் இனிப் பெண் தேடுவதில்லை என்று அம்மா சொல்லிவிட்டாள்.

பெண்ணின் அப்பா பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். சீசன் நேரம், லீவு கிடையாது. கம்பெனிக்கே வரச் சொன்னார். ஒரு பொறி பறந்தாலும் ஆபத்து என்று வாசலில் செல்போன், சாவி, செருப்பு எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். தோட்டாக்களைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. (அதையும் கொடுத்துவிட்டு மாமனாரிடம் எதைப் பேசுவது?)

"வடக்க என்ன வேலை பாத்தீக?" என்றார் போர்மேன்.

"துப்பாக்கி லைன்ல இருந்தேன்." (துடைப்பத்தை அவர் கேட்கவில்லை.) "அந்தக் காலத்துல பட்டாளத்துக்குச் சின்னக் குண்டு குடுத்தாக. பட்டும் எதிராளி விழாம ஓடியாந்தான். அப்புறம் நாப்பத்தஞ்சு வந்துச்சு. ஆள சாச்சுப்புடும், ஆனா கையை உதைக்கும், நிறைய அடைக்கவும் முடியாது. அதான் இப்ப எல்லாரும் ஒம்பது எம்.எம்."

"முப்பத்திரண்டுன்னு ஒண்ணு சொல்றாகளே?"

"அது கொசு விரட்டத்தான் ஆகும்."

அளவு காட்ட மூன்றையும் வெளியே எடுத்தேன். அந்தக் கொசு விரட்டி கை நழுவி, சிமெண்டுத் தரையில் 'கிணிங்' என்று விழுந்து, வெடிமருந்து அறை வாசலை நோக்கி உருண்டது.

"ஏ, இரும்பு விழுந்துருச்சு, ஓடுங்க" என்றாள் வேலையில் இருந்த ஒருத்தி.

அறைகள் மொத்தமும் காலி. எனக்கு முன்னால் ஓடியவர்களையெல்லாம் முந்தி, முள்வேலியைத் தாண்டி ரோட்டில் போய் விழுந்தேன். ஒன்றும் வெடிக்கவில்லை. மூச்சிரைக்க வந்து நின்றார் போர்மேன்.

"வெறும் பித்தளைங்க, பொறிகூட வராது" என்றேன், பாதத்தில் முள்ளைப் பிடுங்கிக்கொண்டே.

"எனக்குத் தெரியும்லே. ஓடுற பொம்பளைகளுக்கு எப்படித் தெரியும்?"

மரியாதை 'லே'க்கு இறங்கிவிட்டது. சம்பந்தமும் இறங்கிவிட்டது என்று வீட்டுக்குக் கிளம்பினேன்.

மறுவாரம் அவரே ஆமத்தூர் வந்து அம்மாவிடம் சொன்னார்: "முன்ன ஒரு வெடி விபத்துல எங்கண்ணன் சத்தம் கேட்டு, என்னன்னு நின்னு பாத்தான். போய்ச் சேந்துட்டான். உங்க மகன் நிக்கல. எம் மகளுக்கு உசுரோட வீடு வர்ற ஆள்தான் வேணும். ஆனா கம்பெனி வாசப்படி மிதிக்கப்படாது."

அதுவரை ஓடியதற்காக எல்லாரிடமும் ஏச்சு வாங்கியவன் நான். ஓடியதற்காகப் பெண் கொடுத்த மனிதர் அவர் ஒருவர்தான். இன்றைக்குக் கம்பெனி வாசலுக்கு வெளியே நின்று வேனில் லோடு ஏற்றுகிறேன். ராத்திரி வீட்டில் நிம்மதியாகச் சாப்பிடுகிறேன்.

"எந்தக் குண்டுக்கு வீரியம் அதிகம், தாத்தா?" என்று என் மகள் கேட்டால் மாமனார் யோசிப்பதே இல்லை. "முப்பத்திரண்டுதான் ஆத்தா. காலியா இருந்தே ஒரு கம்பெனிய விரட்டுச்சே."

"அது விரட்டுன விரட்டுலதான இவுக இங்கன வந்து விழுந்தாக" என்பாள் என் மனைவி, எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றியபடி.