பாத்திரமும் முப்பத்திரண்டு கட்டங்களும்

இனிமேல் பாத்திரம் தேய்ப்பதில்லை என்று தீர்மானித்தேன். எட்டு வருஷமாக எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் என் கையால்தான் குளிக்கின்றன. ஆனால் வெறும் தீர்மானம் என் மனைவியிடம் செல்லாது. காரணம் வேண்டும். அது ஒரு ஜாஸ் பாட்டு உருவத்தில் வந்தது.

பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஊரார் கண்ணைச் சோதிக்கிறேன். சனிக்கிழமைகளில் ஒரு ஜாஸ் குழுவில் சாக்ஸபோன் ஊதுகிறேன். அடுத்த மாதம் ஒரு மெதுவான காதல் பாட்டில் நான் தனியாக, சொந்தக் கற்பனையில் வாசிக்க வேண்டும். அதற்கு அந்தப் பாட்டின் கார்டுகளை, அதாவது அடியில் சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களை, அலசியாக வேண்டும்.

ஒரு தாளச் சுற்றுக்கு ஒரு கட்டமாக, முழுப் பாட்டுக்கும் முப்பத்திரண்டு கட்டம் போட்ட தாளைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தேன்.

"ஒரு கட்டத்தை அலச ஒரு சாயங்காலம் ஆகும்மா."

"அப்ப பாத்திரம்?"

"கலை பெருசா, கரண்டி பெருசா?"

"கலைதாங்க," என்றாள்.

இவ்வளவு சுலபமாகவா! மூன்று நாள் ராஜபோகம். அவள் தேய்த்தாள். நான் கலர் பென்சிலும் கையுமாகப் பெருமூச்சு விட்டேன்.

நாலாம் நாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தாளை எட்டிப் பார்த்தாள். அவள் பஸ் டிப்போவில் டிரைவர்களுக்கு டியூட்டி அட்டவணை போடுகிறவள். கட்டம் போட்ட தாளை அவள் கண்ணில் காட்டியிருக்கவே கூடாது.

"என்னங்க, முதல் எட்டுக் கட்டமும் அடுத்த எட்டும் ஒண்ணுதானே?"

"ஒரு மாதிரி..."

"கடைசி எட்டும் அதேதான். நடுவுல ஒரு எட்டுதான் வேற. அப்ப பதினாறு நாள் போதும்."

அவசரமாகப் பென்சிலால் ஒரு கட்டத்தைத் தட்டிக் காட்டினேன்.

"உள்ளே ஆழம் இருக்கும்மா! சுர வரிசையில ரெண்டு, அஞ்சு, ஒண்ணுன்னு கார்டு போகும். முதல்ல கிளம்புது. அப்புறம் தவிக்குது. கடைசியில வீடு வந்து சேருது."

"கிளம்புது, சிக்னல்ல நிக்குது, டிப்போவுக்கு வந்துடுது. இங்கேயும் அதே ட்ரிப்தான். இதோ, இங்கேயும். நடு எட்டுல மட்டும் வேற ரூட்டுல ஓடுது." விரலால் தட்டிக்கொண்டே போனாள். "மூணு நாள் வேலைங்க இது. மூணு நாளும் முடிஞ்சாச்சு."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கே அப்போதுதான் பாட்டு புரிந்தது. அதில்தான் இன்னும் எரிச்சல்.

மறுநாள் பிரிட்ஜ் கதவில் ஓர் அட்டவணை தொங்கியது. பாட்டின் அதே அமைப்பு, வாரக் கணக்கில்: நீங்க, நீங்க, நான், நீங்க.

"இதுல என் கற்பனைக்கு இடமே இல்லையா?" என்றேன் பரிதாபமாக.

"ஏன் இல்ல? எந்தப் பாத்திரத்தை முதல்ல தேய்க்கிறதுங்கறது முழுக்க முழுக்க உங்க இஷ்டம்."