மோட்டார் படாத வழி

மோட்டாருக்குப் பயந்து ஓரம் ஒதுங்கினவர்களை நான் ஆயிரம் பேர் பார்த்திருக்கிறேன். மோட்டாரைக் கண்ணாலேயே பார்க்காமல் இந்தப் பூலோகத்தைச் சுற்றி வந்துவிடலாம் என்று நம்பின ஆள் ஒருத்தர்தான். அவர் நம்பியதோடு நின்றிருந்தால் எனக்கென்ன போச்சு? என்னையும் ஒரு சைக்கிளில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அப்போது என் ஜாதகத்தில் எந்தக் கிரகம் எங்கே குந்தியிருந்ததோ, தெரியாது.

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பேர் என்னவோ, எனக்குத் தெரியாது. ஆம்பூரில் நான் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த தோல் ஷாப்பில் அவர் தரம் பிரிக்கிற மேஸ்திரி. பதம் போட்ட தோலைக் கட்டை விரலால் ஒரு தடவு தடவுவார். "இது மொதலு, இது ரெண்டு, இது மூணு, இது கழிவு" என்று தள்ளிவிடுவார். சொன்னால் சொன்னதுதான். முதலாளி சாயபுவே மறுபேச்சுப் பேசமாட்டார். எங்கள் ஷாப்புக்கு வெள்ளிக்கிழமை லீவு. வெள்ளி விடிந்தால் மனுஷன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒத்தையடிப் பாதையாகத் தேடி அலைவார். அதனால் ஊருக்கே அவர் 'ஒத்தையடி மேஸ்திரி'.

"மோட்டாரு போனா மூணு நிமிசம் ஒண்ணும் தெரியல ரைட்டரே. தூசி அடங்கி கண்ணத் தொறந்தா அடுத்தது வருது. இன்னா ஜென்மம் இது!" என்பார்.

"அதுக்கு நான் எதுக்கு மேஸ்திரி? நீங்க தனியாப் போங்களேன்."

"தனியாப் போனா, பாதை நல்லாக்கீதான்னு யாரைக் கேக்கறது?"

இதற்கு நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குத்தான் இரண்டு வருஷம் அனுபவித்தேன்.

ஆம்பூரிலிருந்து மாதனூருக்குப் பெரிய ரோடு இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு போகலாம். ஆனால் அதில் மோட்டார் போகும். ஆகவே நாங்கள் பாலாற்றில் இறங்கினோம். சொட்டுத் தண்ணீர் இல்லை, அத்தனையும் மணல். சக்கரம் பாதி புதைந்து நின்றுவிட்டது. "தோள்ல தூக்கி வைங்க ரைட்டரே, கால் மைலுதான்" என்றார். அந்தக் கால் மைலும் சைக்கிள் என்மேல் சவாரி பண்ணியது. எதிரே மாடு ஓட்டிக்கொண்டு வந்த பொம்பளை நின்று பார்த்தாள். "இன்னாய்யா, வண்டிக்குக் காலு வலிக்குதா?" என்று கேட்டாள். மேஸ்திரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குத்தான் மானம் போயிற்று.

பாதையையும் அவர் தோல் மாதிரிதான் பார்ப்பார். திடீரென்று இறங்குவார், மண்டி போடுவார், மண்ணைக் கட்டை விரலால் தடவுவார். "மூணு. சரளை ஜாஸ்தி." இன்னும் அரை மைல் போய், "ரெண்டு. ஈரம் கம்மி." வழியில் எங்கேயாவது மோட்டார் டயர் தடம் பட்டுவிட்டதோ, தொலைந்தோம். "கழிவு!" என்று கத்துவார். அவ்வளவுதான், வண்டியைத் திருப்ப வேண்டியது.

அமிர்தி அருவியைப் பார்க்க நாங்கள் கிளம்பினது நாலு தடவை. நாலு தடவையும் தண்ணீர் கொட்டுகிற சத்தம் காதில் விழுந்தது. அருவியை மட்டும் பார்க்கவில்லை. நாலாவது தடவை நான் அழுதேவிட்டேன்.

"மேஸ்திரி, இது போன வருஷத்துத் தடம். புல்லு மொளைச்சிருக்குது பாருங்க. கூப்பிடு தூரத்துல அருவி இருக்குது. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"தோல்ல ஓட்டை இருந்தா, போன வருசம் வுழுந்துதா இந்த வருசம் வுழுந்துதான்னா பாப்பாங்க? கழிவு கழிவுதான். திருப்புங்க."

நான் வீட்டுக்கு வந்து தின்றும் தின்னாமலும் சுருண்டு விழுந்தேன். என் சம்சாரம், "ஆறு நாளு உக்காந்து எழுதறவருக்கு ஏழாம் நாளு இது தேவையா?" என்று தைலம் தேய்த்தாள். இனி போவதில்லை என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன். அடுத்த வெள்ளிக்கிழமை வாசலில் மணி அடித்தது. போனேன்.

கடைசியில் ஒரு நாள் அந்த வழி கிடைத்தது. ஊருக்கு வெளியே ஏரிக்கரை ஏறி, புளியந்தோப்பில் இறங்கி, மலையடிவாரத்தை ஒட்டியே காட்டுக்குள் நுழைகிற வழி. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் நெல்லு. சக்கரத் தடம் என்று ஒன்றுகூட இல்லை. மேஸ்திரி இறங்கி மண்ணைத் தடவினார். தடவின கையை எடுக்கவே இல்லை. "மொதலு" என்றார். அன்றைக்குத்தான் நாங்கள் அருவியைப் பார்த்தோம்.

நல்லது நம் ஊரில் நிலைக்குமா? ஆறு மாசத்தில் சேதி வந்தது. அந்தக் கரைமேலேயே காடு வரைக்கும் பஸ் விட ஒருவர் மனுப் போட்டிருக்கிறார் என்று. மேஸ்திரி என்னை இழுத்துக்கொண்டு தாலுகா போர்டு மெம்பர் வீட்டுக்கு ஓடினார்.

மெம்பர் வெற்றிலை மென்றுகொண்டே கேட்டார். "ஏன்யா, அந்தக் கரையில கொக்கு போவுது, நண்டு போவுது. மனுசன் யாரு போறான்?"

"நாங்க போறோங்க."

"நாங்கன்னா எத்தினி பேரு?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ரெண்டு பேருங்க."

மெம்பருக்குச் சிரிப்பில் புரை ஏறிவிட்டது. "சரி, கேளு. பத்துப் பேரு சைக்கிள்ல காடு வரைக்கும் போய்க் காட்டு. நானே வந்து பாக்கறேன். கரைய சைக்கிளுக்கே வுட்டுடறேன். இல்லன்னா அடுத்த மாசம் பஸ்சு ஓடும்."

மேஸ்திரிக்குச் சோறு இறங்கவில்லை. ஷாப்பில் ஒரு ஆள் பாக்கியில்லாமல் கெஞ்சினார். வாணியம்பாடிக்குப் போய் நாலு சைக்கிள் இரவல் வாங்கி வந்தார். அவரையும் சேர்த்து ஒன்பது பேர் தேறிவிட்டது. பத்தாவது ஆள் நான். நானோ அப்போது மூல வியாதிக்காரன். பாயிலேயே யோசனை பண்ணி உட்காருகிற ஆள் சைக்கிள் சீட்டில் எப்படி உட்காருவேன்?

"எந்த எடத்துல ஜாஸ்தி வலிக்கும் ரைட்டரே?" என்று கேட்டார்.

"சீட்டுலதான் மேஸ்திரி."

"அது இல்லய்யா. வழியில எங்க?"

"மதகுகிட்ட ஒரே கல்லு. அப்புறம் மலையடிவாரத்துல அந்தக் குண்டுங்குழியும். உயிரே போயிடும்."

"சரி, வுடுங்க" என்று போய்விட்டார்.

தோலைப் பதப்படுத்த ஆவாரம்பட்டையைத் தொட்டியில் ஊறப் போடுவார்கள். சாரம் இறங்கினதும் சக்கையை வாரிப் பின்கட்டில் கொட்டுவார்கள். எங்கள் ஷாப்புக்குப் பின்னால் அது ஒரு மலையாகவே கிடந்தது. சாயபுவிடம் கேட்டுக்கொண்டு, மேஸ்திரி தினம் சாயங்காலம் அதை மாட்டு வண்டியில் ஏற்றிப் போனார். மதகுப் பக்கம் கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு மேலே சக்கையைப் பரப்பினார். குழியெல்லாம் தூர்த்தார். தானே மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்தினார். அவருடைய வேட்டி சாயம் ஏறிச் செம்மண் நிறமாகிவிட்டது.

அந்த நாளும் வந்தது. பத்து சைக்கிளும் கரை ஏறின. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மதகு வந்தது, போனது. வலியே இல்லை! தலையணைமேல் போகிற மாதிரி போனது வண்டி. முன்னால் மேஸ்திரி முதுகு நிமிர்ந்து போகிறார். எதிரில் ஈ காக்கை இல்லை, ஆனால் விடாமல் மணி அடிக்கிறார். என் ஆயுசில் முனகாமல் சைக்கிள் விட்டது அன்றைக்கு மட்டும்தான்.

காட்டோரம் வந்து இறங்கினால், பின்னாடியே உறுமுகிற சத்தம். மெம்பர் சொன்னபடி பார்க்க வந்துவிட்டார். மோட்டாரில். கரைமேலேயே.

மெம்பர் இறங்கி விரல் விட்டு எண்ணினார். "பலே! பத்துப் பேரு சரியாக்கீது." மேஸ்திரி முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாண மாப்பிள்ளை தோற்றுப் போவான். கூட வந்த ஓவர்சியர் காலால் சக்கையைக் கிளறிப் பார்த்தார்.

"சார், மதகுகிட்ட மோட்டாரு ஏறாதுன்னுதானே இத்தினி நாளா பேஜாரு? இப்ப அலுங்காம வந்துட்டோமே. மேல கொஞ்சம் சரளை கொட்டினாப் போதும், பஸ்சு ஜோராப் போவும்."

"யாருய்யா இந்த வேலை பண்ணது?" என்று மெம்பர் கேட்டார்.

"நாந்தாங்க" என்று மேஸ்திரி கையைத் தூக்கினார். ஓவர்சியர் சொன்னது அவர் காதில் ஏறுவதற்குள் கை ஏறிவிட்டது. ஐயோ, அந்தக் கையைப் பிடித்து நான் இழுத்திருக்கக் கூடாதா!

"ஐயா, நீங்க வாக்குக் குடுத்தீங்களே?" என்றார் மேஸ்திரி.

"குடுத்தேன்யா. ஆனா ஒண்ணு யோசி. பத்துப் பேரு ஆசப்பட்டு வர்ற எடத்துக்கு பஸ்சு வுடலன்னா ஜனங்க என்னைச் சும்மா வுடுவாங்களா? மொத ட்ரிப்புல உன்னையே முன்னாடி உக்கார வைக்கிறேன், போ!"

மோட்டார் திரும்பிப் போனது. மேஸ்திரி குனிந்து சக்கையில் பதிந்த டயர் தடத்தைக் கட்டை விரலால் தடவினார். தரம் ஒன்றும் சொல்லவில்லை. பத்துப் பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தோம்.

அடுத்த மாசம் பஸ் ஓடிற்று. மேஸ்திரி சைக்கிளைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமையில் வீட்டுக்குள்ளேயே படுத்துக் கிடந்தார். "வேற வழி தேடலாம் மேஸ்திரி" என்று நானே வாய்விட்டுக் கேட்டேன். "எந்த வழியத் தேடினாலும் நாமளே அதைக் கெடுத்துடுவோம் ரைட்டரே" என்றார். அடுத்த வருஷம் விஷ ஜுரம் வந்து நாலே நாளில் போய்விட்டார். அந்த ஏரிக்கரை வழியாகத்தான் தூக்கிக்கொண்டு போனோம். பஸ் அன்றைக்கு எங்களுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றது.

சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் என்கூட நடந்தார். எனக்கு மூலத்துக்கு மருந்து கலந்து கொடுத்தவர் அவர்தான்.

"உங்களுக்குத் தெரியுமா ரைட்டரே? அன்னிக்குப் பத்தாவது ஆளா நான் வர்றேன்னேன். எங்கிட்ட சொந்த சைக்கிளே இருந்திச்சு. கல்லு முள்ளு எனக்கு ஒரு கணக்கே இல்ல. மேஸ்திரி கேக்கல."

"ஏன்?"

"'ரெண்டு வருசமா திட்டிக்கினே எம்பின்னாடி வந்த ஆளு. அவரு இல்லாம அந்தக் கரை எனக்குக் கெடைச்சு இன்னா ஆவப்போவுது'ன்னாரு."

நடுக்கரையில் நின்றுவிட்டேன். அத்தனை வண்டிச் சக்கையும் எனக்காக, என் ஒருத்தனுக்காகக் கொட்டினது.

சைக்கிள் எனக்கு அன்றைக்கும் பிடிக்காது, இன்றைக்கும் பிடிக்காது. அந்த மனுஷன் முதுகைப் பார்த்துக்கொண்டு போவது பிடிக்கும். அதை அவரிடம் ஒரு வெள்ளிக்கிழமைகூட நான் சொன்னதில்லை.