ராசு மாமாவுக்குப் படைத்த மூன்று மருந்து

என் ராசு மாமாவுக்கு,

பூவாயி எழுதிக்கொள்வது. இங்கே ஆடு, கோழி, மருமகள் எல்லாரும் சுகம். நீ போய்ச் சேர்ந்த இடத்தில் இருமல் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

விசயம் என்னவென்றால், நம்ம பிள்ளை இனியவனுக்கு உன் பீங்கான் சூளை வேலையோடு உன் பீடியும் வந்து, இப்போது உன் இருமலும் வந்துவிட்டது. விடியக்காலையில் அவன் இருமினால் நீதான் என்று எழுந்து வெந்நீர் வைக்கப் போய்விடுகிறேன். அடுப்படிக்குப் போன பிறகுதான் நீ இல்லை என்பது ஞாபகம் வருது. இன்னொரு தடவை என்னால் முடியாது மாமா. அதனால் அவனையும், சூளையில் கூடச் சேர்ந்து ஊதுகிற என் தம்பி திருமாலையும், பக்கத்து வூட்டு நல்லமுத்துவையும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். பீடியை நிறுத்த டாக்டரம்மா ஆளுக்கு ஒரு மருந்து எழுதினாங்க. திருமாலுக்குத் தோளில் ஒட்டுகிற பிளாஸ்திரி, நல்லமுத்துவுக்குச் சூயிங்கம், நம்ம பிள்ளைக்கு மாத்திரை.

"எதும்மா நல்லாக் கேக்கும்?" என்றேன்.

"பிளாஸ்திரி மட்டும், சூயிங்கம் மட்டும்னு தனியாப் போட்டா, அதவிட மாத்திரை கொஞ்சம் கூடக் கேக்கும். அது ரெண்டையும் சேத்துப் போட்டா மாத்திரைக்குச் சமமா நிக்கும். எதப் போட்டாலும் ஒழுங்காப் போடணும்."

ஒழுங்குக்கும் நம்ம ஆளுங்களுக்கும் ஏது? சூளைச் சூட்டில் திருமாலுக்கு வேர்த்து ஊற்றி, பிளாஸ்திரி கழன்று, சுடுவதற்குக் காயவைத்திருந்த போலீஸ்காரர் பொம்மையின் முதுகில் போய் ஒட்டிக்கொண்டது. அந்தப் போலீஸ்காரர் இந்த ஜென்மத்தில் பீடி தொட மாட்டார். இவன் அன்றைக்கே தொட்டான். நல்லமுத்துவோ, மென்று கன்னத்தில் ஒதுக்கி வை என்றால், வெற்றிலை மாதிரி ஓயாமல் மென்று விக்கல் பிடித்து அலைந்தான். "எவளோ உன்ன நெனைக்கிறா, யாரு அவ?" என்று அவன் பெண்டாட்டி கமலம் துடைப்பத்தோடு நிற்கிறாள். "டாக்டரம்மா" என்று விக்கிக்கொண்டே சொன்னான். அத்தோடு தீர்ந்தது சூயிங்கம் கதை.

நம்ம பிள்ளை மட்டும் ஒழுங்காகப் போட்டான். பீடி நின்றது, கனவு பிடித்துக்கொண்டது. அந்த மாத்திரைக்கு அப்படி வருமாம். கனவில் நீ வந்து தீப்பெட்டி கேட்டாயாம். செத்தவர் கேட்டதை வருசப் படையலில் வைத்தே ஆகணும் என்று உன் அக்கா கொளஞ்சியம்மாள் ஒரே பிடி. "சும்மா வெச்சா ஆவாது. பெத்த புள்ள பீடிய வாயில வெச்சுப் பத்த வெச்சுதான் வைக்கணும்." ஒரு இழுப்பில் எல்லாம் போயிடுமே. அவங்க வடை சுடப் போன நேரம் பார்த்து, உன் இலையில் பிளாஸ்திரி ஒன்று, சூயிங்கம் ஒன்று, மாத்திரை ஒன்று வைத்துவிட்டேன்.

"என்னாடி இது?"

"இனிமே அவருக்கு இதுதாங்க அண்ணி."

காக்காய் வந்து மூன்றையும் விட்டுவிட்டு வடையைத் தூக்கிக்கொண்டு போனது. உயிரோடு இருந்தபோதும் நீ மருந்தைத் தொட்டவன் இல்லை. பிள்ளை இதுவரை மறுபடி பீடியைத் தொடவில்லை, அது போதும் எனக்கு.

அங்கிருந்தே எங்களை ஆசீர்வாதம் பண்ணு. இனிக் கனவில் வந்தால் சோறு கேள், தீப்பெட்டி கேட்காதே.

இப்படிக்கு,
உன் பூவாயி

பின்குறிப்பு: கேட்டதைக் கொடுக்கவில்லையே என்று மனசு ஆறவில்லை. மறுநாள் நீ மிச்சம் வைத்த பீடிக் கட்டிலிருந்து ஒன்றை நானே வாயில் வைத்துப் பற்றவைத்து, உன் படத்துக்கு முன்னால் வைத்தேன். வூடு பூரா உன் வாசனை. அதிலிருந்து பொழுது சாய்ந்தால் கை தானாக அந்தக் கட்டுக்குப் போகுது. இன்றைக்கு விடியக்காலையில் நான் இருமினேன், இனியவன் எழுந்து வெந்நீர் வைக்கிறான். நாளைக்கு என்னை டாக்டரம்மாவிடம் இழுத்துப் போகப்போகிறானாம். அந்த மூன்றில் எதைப் போட்டால் பீடி போகும், உன் வாசனை போகாது, மாமா?