கிணற்றுத் தண்ணீருக்கு நாலு நகல்

போன வெள்ளிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீரைக் கள்ளக்குறிச்சியில் இருக்கும் ஆய்வகத்தில் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

கொடுத்தேன். கொடுத்த விதம்தான் கதை.

கரியாலூர் போகிற மலைச்சாலைக்குக் கீழே செல்லம்மாவுக்கு ஒன்றரை ஏக்கர் மரவள்ளியும் ஒரு கிணறும் உண்டு. மூன்று வீட்டுக்குக் குடிதண்ணீரும் அதே கிணறுதான். மேட்டில் சாலைக்குத் தார் கலக்குகிற பிளாண்ட் ஒன்று வந்தது. மழை பெய்தது. கிணற்றில் கருப்பாக எண்ணெய் மிதந்தது.

பிளாண்ட் மேனேஜரைக் கேட்டோம். “அது உங்க மோட்டார்ல ஒழுவுற ஆயில்ங்க. எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே கெடயாது” என்றார்.

மனு கொடுத்தோம். தாசில்தார் அம்மா திங்கட்கிழமைக்கு விசாரணை வைத்தார். “ஆய்வக ரிப்போர்ட்டோட வாங்க. இல்லன்னா ஃபைலை மூட வேண்டியதுதான்” என்று சொல்லிவிட்டார்.

இந்த மாதிரி வேலைக்கு ஊரில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் கல்லூரி வாசலை மறியலுக்காக மட்டுமே மிதித்தவன். படித்ததெல்லாம் துண்டறிக்கை. என்னோடு கோஷம் போட்டவர்கள் இன்று காரில் போகிறார்கள். நான் பாட்டிலோடு பஸ்ஸில் போகிறேன். இருக்கட்டும்.

ஆய்வகத்துக்கு முதலிலேயே போன் போட்டேன். மும்தாஜ் என்று ஒரு பெண் பேசினார்.

“ஐயா, புது கண்ணாடி பாட்டில்ல புடிங்க. அப்புறம், அதுல இருந்து வேற பாட்டிலுக்கு ஊத்தறதா இருந்தா...”

“தெரியும்மா, தெரியும்” என்று வைத்துவிட்டேன். ஐந்து முதலமைச்சர்களுக்கு மனு கொடுத்தவனுக்குப் பாட்டில் பிடிக்கச் சொல்லித் தருகிறார்களாம்!

செல்லம்மா வாளியில் மொண்டு கொடுத்தார். பெரிய பாட்டில் நிறைந்தது. கீழே தண்ணீர், மேலே இரண்டு விரல் தடிமனுக்குக் கருப்பு எண்ணெய். பார்த்ததுமே வழக்கில் ஜெயித்த மாதிரி இருந்தது.

அங்கேதான் என் பழக்கம் வேலையைக் காட்டியது. நகல் எடுக்காமல் எந்த ஆதாரத்தையும் நான் கையை விட்டு விடுவதில்லை. ஒருமுறை ஓர் அலுவலகத்தில் என் அசல் மனுவில் வடை மடித்திருந்தார்கள். அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் நாலு நகல். தாசில்தாருக்கு ஒன்று, ஊராட்சிக்கு ஒன்று, மாசு வாரியத்துக்கு ஒன்று, எங்கள் சங்கத்துக்கு ஒன்று.

ஆகவே, கழுவிக் காயவைத்த நாலு இருமல் டானிக் பாட்டிலை எடுத்தேன். பெரிய பாட்டிலை மெல்லச் சாய்த்தேன். ஒரு கலங்கல் இல்லாமல், ஆடாமல் அசையாமல், நாலுக்கும் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். சமத்துவம் நம் கொள்கை!

செல்லம்மா எட்டிப் பார்த்தார். “இன்னாண்ணே, கருப்பெல்லாம் சின்ன பாட்டிலுக்கே போய்க்கினு கீது?”

“நகல் தெளிவா இருக்கணும் செல்லம்மா. அப்பதான் அதிகாரிங்க படிப்பாங்க.”

“தண்ணிய எப்டிண்ணே படிப்பாங்க?”

சின்ன பாட்டில்களில் ‘உண்மை நகல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெரியதில் ‘அசல்’ என்று எழுதி, மிச்சமிருந்த பழைய துண்டறிக்கையில் சுற்றிப் பையில் வைத்தேன். சுற்றியதால் நானும் அதைப் பார்க்கவில்லை.

ஆய்வகத்தில் மும்தாஜ் காகிதத்தைப் பிரித்தார். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உள்ளே எண்ணெயே இல்லை, தெளிந்த தண்ணீர். என்னைப் பார்த்தார்.

“ஐயா, நீங்க குடிக்கக் கொண்டாந்த பாட்டிலை மாத்திக் குடுத்துட்டீங்களா?”

எனக்கு ரத்தம் கொதித்தது. “இப்பதான் குடுத்தேன், அதுக்குள்ள மாத்திட்டீங்களா! பிளாண்ட்காரன் இங்க வரைக்கும் வந்துட்டானா!”

அப்படியே தரையில் உட்கார்ந்தேன். தர்ணா! “மக்களின் தண்ணீர் மாதிரியை மாற்றாதே!” கோஷம் போட நான் ஒருவன், பதில் கோஷம் போடவும் நான் ஒருவன்.

மும்தாஜ் பதறவே இல்லை. “பையில வேற ஏதாவது இருக்கா?” என்றார்.

நாலு நகலையும் எடுத்து வைத்தேன். நாலும் கன்னங்கரேலென்று இருந்தன.

“எண்ணெய் எல்லாம் இங்கதான் இருக்கு. குலுக்காமயே ஊத்திட்டீங்களா?”

“கலங்கிடும்னு பாத்தேம்மா...”

“கலங்கத்தான் வேணும்! நான் முன்னாடி கச்சா எண்ணெய் சோதிக்கிற லேப்ல இருந்தவ. அங்க மொதல் பாடமே இதான். எண்ணெய் ஒரு பக்கம், தண்ணி ஒரு பக்கம், மண்டி அடியில. நல்லாக் குலுக்கி, உடனே ஊத்துனாத்தான் எல்லா பாட்டில்லயும் ஒரே சரக்கு இருக்கும். உங்க அசலை டெஸ்ட் பண்ணா, எண்ணெயே இல்ல, நல்ல தண்ணின்னு ரிப்போர்ட் வரும்.”

அந்த ரிப்போர்ட்டை நினைத்தேன். என் கையெழுத்தோடு பிளாண்ட்காரனுக்கு நான் கொடுக்கிற நற்சான்றிதழ்!

“அஞ்சையும் திருப்பி ஒண்ணா ஊத்திடலாமா?”

“ஆவாதுங்க. பாதி எண்ணெய் பாட்டில் சுவத்துலயே ஒட்டிக்கும், அளவு தப்பாப் போயிடும். புதுசாப் புடிச்சி கொண்டாங்க. இனிமே திங்கக்கிழமதான் தொறப்போம். ரிப்போர்ட்டுக்கு மறுநாள் ஆவும்.”

பேச்சுவார்த்தையில் உடன்பாடு ஏற்பட்டதால் தர்ணாவை முடித்துக்கொண்டேன். வாசலைத் தாண்டும்போது மும்தாஜ் கூப்பிட்டார். “ஐயா, இன்னொண்ணு. பாட்டிலைக் கழுத்து வரைக்கும் நெரப்பாதீங்க. மூடிய...”

“தெரியும்மா, தெரியும்.”

திங்கட்கிழமை காலையில் புது மாதிரி பிடித்தோம், கழுத்து வரைக்கும். விசாரணையில் ஒரு நாள் அவகாசம் கேட்டுவிட்டு, அங்கிருந்தே ஆய்வகத்துக்குப் போவதாகத் திட்டம்.

மேனேஜர் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். “மேடம், ரிப்போர்ட் இல்லாம வந்து நேரத்தை வீணாக்குறாங்க” என்றார்.

தாசில்தார் அம்மா ஃபைலை மூடப் போனார். செல்லம்மா என் கையைப் பிடித்தார். “அண்ணே, மூடறாங்கண்ணே! எதுனா பேசுண்ணே!”

பாட்டிலை மேசைக்கு மேலே தூக்கினேன். “அம்மா, ஒரு நாள் குடுங்க. இதை முறைப்படி சோதிக்கணும். முறை இன்னான்னா, மொதல்ல நல்லாக் குலுக்கணும்!”

குலுக்கினேன். முழு ஆவேசத்தோடு.

மும்தாஜ் சொல்ல வந்தது மூடியை இறுக்குவதைப் பற்றி என்று அப்போது புரிந்தது.

மூடி ஒரு பக்கம் பறந்தது. மேசை, ஃபைல், மேனேஜர் சட்டை, தாசில்தார் அம்மாவின் இளநீலப் புடவை என்று ஒருவரும் தப்பவில்லை. உதவியாளர் ஈரத்துணியோடு ஓடிவந்தார்.

“தண்ணி வெக்காதீங்க!” என்று மேனேஜர் அலறினார். “இன்னும் பரவிக்கும் மேடம்! இது எங்க அடுப்புல எரிக்கிற பர்னர் ஆயிலு, டீசல் போட்டுத் தொடச்சாத்தான் போவும். டெய்லி எங்க ஆளுங்க சட்டையெல்லாம்...”

தாசில்தார் அம்மா பேனாவைக் கையில் எடுத்தார்.

“எங்க ஆயிலுன்னா?” என்றார் தாசில்தார் அம்மா.

மேனேஜர் வாயை மூடிக்கொண்டார். தாமதமாக.

அவர் சொன்னதை அப்படியே எழுதி, கையெழுத்தும் வாங்கினார்கள். விஷயம் முடியும்வரை பர்னரை அணைக்க உத்தரவு. அன்று சாயங்காலமே செல்லம்மா தெருவுக்குப் பிளாண்ட் செலவில் தண்ணீர் லாரி வந்தது.

ஆனால் அதற்கு முன், வெற்றியின் மிதப்பில், நான் பைக்குள் கைவிட்டு இருமல் டானிக் பாட்டிலை வெளியே எடுத்தேன். “அம்மா, தங்கள் பார்வைக்கு ஒரு உண்மை நகல்.”

தாசில்தார் அம்மா தன் புடவையைக் குனிந்து பார்த்தார்.

“வேணாங்க. எனக்கு வர வேண்டிய நகல் வந்துடுச்சி.”