மாமனாரை யார் நினைத்தார்கள்?

ஒருவருக்குப் புரை ஏறினால் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்று சொல்லாத தமிழர் இருக்க முடியாது. ஆனால் ஒரே மனிதருக்கு, வேளாவேளைக்கு, கோடை விடுமுறை முழுக்கச் சொன்ன ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அறுபதுகளின் தொடக்கம். கல்யாணமான புதிது. நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் போட்டுக்கொண்டிருந்த என் மாமனாருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வாத்தியார் மாப்பிள்ளையான நான், அவரைக் கவனிக்கும் பொறுப்பை யாரும் கேட்காமலே எடுத்துக்கொண்டேன்.

அந்த வீட்டில் சொம்பில் வாய் வைத்தால் எச்சில். அதனால் அவர் தலையை அண்ணாந்து பிடித்துத் தண்ணீர் ஊற்றுவேன். இருமுவார். விழி பிதுங்கும். தலையில் தட்டி, "எடப்பாடி அத்தை நினைக்கிறாங்க மாமா" என்பேன். அடுத்த வாய்க்கு ஆத்தூர் சித்தப்பா. (சொந்தபந்தம் தீர்ந்ததும் மஞ்சள் மண்டிக்காரரையும் சேர்த்துக்கொண்டேன்.) கடைசியில் சொம்பைக் கண்டாலே வாயை இறுக்கி மூடிக்கொண்டார். உதடு வெடித்து, ஆள் துரும்பாகிவிட்டார். அப்பா போய்விடுவாரோ என்று என் மனைவி அடுப்படியில் அழுதாள்.

சேலத்துக்குக் கொண்டுபோனோம். "எங்கே, குடிக்கட்டும் பார்க்கலாம்" என்றார் டாக்டர். பழக்கதோஷத்தில் மாமாவின் தாடையைத் தூக்கி ஊற்றினேன். பாதித் தண்ணீர் மூக்கு வழியாக டாக்டரின் சட்டைக்கு வந்தது. என் கை தானாக மாமாவின் தலைக்குப் போனது.

"யாரோ..."

"யாரும் நினைக்கலை" என்றார் டாக்டர், சட்டையைத் துடைத்தபடி. "தொண்டைக்கும் வாதம்தான். நீங்க ஊத்துற தண்ணி மூச்சுக்குழாய்க்குப் போகுது. நேரா உக்கார வெச்சு, தலையைக் குனிய வெச்சு, கரண்டியில கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க. முதல்ல கெட்டியாக் கூழ்."

கையோடு கொண்டுபோன கம்பங்கூழில் ஒரு கரண்டியை அவரே கொடுத்துக் காட்டினார். மாமா குனிந்தார். குரல்வளை ஏறி இறங்கியது. இருமல் இல்லை. என் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாமா குழறிய வாயோடு என்னைப் பார்த்தார். "மாப்ளே, இனி ஒறம்பரை, சொந்தபந்தத்தை எல்லாம் உட்டுருங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கறை என்று நினைத்து ஒரு மனிதரை அவர் வீட்டிலேயே தண்ணீருக்குத் தவிக்க விட்டிருந்தேன்.

மாமா அதன்பிறகு பல வருடம் இருந்தார், குனிந்து குடித்துக்கொண்டு. இப்போது எனக்குப் புரை ஏறினால் வீட்டில் ஒருவரும் தலையில் தட்டுவதில்லை. பிள்ளைகள் வரிசையாக, "எடப்பாடி அத்தை, ஆத்தூர் சித்தப்பா, மண்டிக்காரர்" என்று ஆரம்பிப்பார்கள். மனைவி மட்டும் என் கையிலிருக்கும் டம்ளரைத் தாழ்த்திப் பிடித்துச் சொல்வாள்:

"எங்கப்பா நெனைக்கிறாருங்க. குனிஞ்சு குடிங்க."