மாமி வாற கடதாசியிலை ஒரு "மகிழ்ச்சியோடை"

சனிக்கிழமை ஒரு சின்ன வேலை. ஆத்துப் பாலம் தாண்டி, புரோசார்ட்டிலை ஒரு வீட்டை போய், ஒரு சத்தியக் கடதாசியிலை கையெழுத்து வாங்கி, முத்திரை குத்திப்போட்டு வாறது. அவ்வளவுதான்.

முதலிலை ஒரு விளக்கம். நான் நோட்டரி இல்லை. கியூபெக்கிலை நோட்டரி எண்டால் சட்டம் படிச்ச பெரிய ஆள். நான் சத்தியம் வாங்குற உரிமையை மட்டும் எடுத்து வைச்சிருக்கிறன். கிழமை நாளிலை துணி ஃபக்டரி ஒண்டிலை பெட்டி கட்டுறன். ஆனால் எங்கடை சனம் என்னை நோட்டரி எண்டும், ஊர்ப் பழக்கத்திலை ஜேபி, அதுதான் சமாதான நீதவான், எண்டும் சொல்லேக்கை நான் மறுக்கிறதில்லை.

வீடு தேடி வரும் சேவை எண்டுதான் விளம்பரம். வீட்டைத் தேடுறது நான். கார் ஓடுறது என்ரை மனிசி சுகந்தி. எனக்கு லைசென்ஸ் இல்லை.

முத்திரை குத்தச் சட்டம் விடுற காசு ஒரு கோப்பிக்கும் டோனட்டுக்கும் காணும். பெற்றோல் காசு தனி. அதையும் வாங்கிக் குடுத்தால்தான் சுகந்தி கார்த் திறப்பை எடுப்பா.

வீட்டுக்காரர் ஜெயசீலன். அவரின்ரை அம்மா மன்னாரிலையிருந்து வந்து ஆறு மாசம் நிக்கப்போறா. அதுக்கு ஜெயசீலனும் மனிசி ரெஜினாவும் சேர்ந்து சத்தியக் கடதாசி குடுக்கவேணும். அண்டைக்கே கூரியரிலை போடாட்டில், கொழும்பிலை அம்மாவின்ரை விசா நேர்முகத்துக்கு அது போய்ச் சேராது. ஜெயசீலன் ஓடுறதுக்கு ஆயத்தமாய்க் கோட்டும் சப்பாத்தும் போட்டபடிதான் கதவைத் திறந்தார்.

சுகந்தி தான் காருக்குள்ளையே இருக்கிறன் எண்டவ. ரெஜினா விடேல்லை. இந்தக் குளிருக்குள்ளை என்னெண்டு இருக்கிறது, வந்து ஒரு தேத்தண்ணி குடியுங்கோ எண்டு கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்திட்டா. அந்த உபசாரம்தான் எனக்கு வினையாய் முடிஞ்சது.

கடதாசி இங்கிலீசிலை. சத்தியம் வாங்க முதல் நான் எல்லாத்தையும் தமிழிலை வாசிச்சுக் காட்டுவன். ஒருத்தரும் கேக்கிறதில்லை. ஒரு பந்தாதான்.

பெயர் சரி. விலாசம் சரி. தனி அறை இருக்கு, அதுவும் சரி. "ஆறு மாசமும் அவவை எங்கடை வீட்டிலை மகிழ்ச்சியோடை வைச்சுப் பாப்பம்" எண்டு வாசிச்சன்.

"அதைத் திருப்பி வாசியுங்கோ," எண்டா ரெஜினா.

வாசிச்சன்.

"மகிழ்ச்சியோடை எண்டு ஆர் எழுதினது?"

நான்தான். ஒரு அழகுக்காகப் போட்டது. எப்பவோ ஒரு வீட்டிலை நல்லாய் எழுதியிருக்கிறியள் எண்டு சொல்லிப்போட்டினம். அண்டையிலையிருந்து எல்லாக் கடதாசியிலையும் போடுறன்.

ரெஜினா பேனையை மூடி மேசையிலை வைச்சா. மாமியை வைச்சுப் பாக்கிறதிலை தனக்கு ஒரு மறுப்பும் இல்லையாம். சோறு, மருந்து, ஞாயிறு பூசைக்குக் கூட்டிக்கொண்டு போறது, எல்லாத்துக்கும் சத்தியம் பண்ணுவாவாம். மகிழ்ச்சிக்கு மட்டும் பண்ணமாட்டாவாம். சுவரிலை மடுமாதா படம் தொங்குது. அதுக்கு முன்னாலை பொய்ச் சத்தியம் பண்ணினால் பிள்ளையளைத்தான் பிடிக்குமாம்.

ஜெயசீலன் மணிக்கூட்டைப் பாத்தார். பேந்து மாதாவைப் பாத்தார். பேந்து என்னை முறைச்சார்.

நான் சமாளிக்கப் பாத்தன். இது சும்மா ஒரு சொல்லுத்தானே அக்கா, எல்லாரும் போடுறதுதானே எண்டன்.

"சத்தியம் சும்மாவெண்டால் நீங்கள் ஏன் முத்திரையோடை பாலம் தாண்டி வந்தனீங்கள்?"

நியாயமான கேள்வி.

போன முறை மாமி வந்து நிக்கேக்கை, ரெஜினா வைச்ச குழம்பை ஒவ்வொரு நாளும் திருப்பி அடுப்பிலை ஏத்தி, உப்புப்புளி போட்டுக் காய்ச்சினவவாம். அது நல்லாய்த்தானே இருந்தது எண்டு ஜெயசீலன் வாய் தவறிச் சொல்லிப்போட்டார். அதோடை கூரியர் கடை இன்னும் தூரமாய்ப் போச்சுது.

அப்ப அந்தச் சொல்லை வெட்டிவிடுவம் எண்டன். இப்ப ஜெயசீலன் மாட்டன் எண்டார். வெட்டினால் எம்பசிக்காரன் இது சந்தோசமில்லாத வீடு எண்டு நினைச்சு விசாவைத் தரமாட்டானாம். அவர் வெட்டவிடமாட்டார், அவ கையெழுத்து வைக்கமாட்டா. நான் நடுவிலை முத்திரையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறன்.

ரெஜினா என்னட்டைத் திரும்பினா.

"ஜேபி அண்ணை, உங்கடை மாமி கனடாவுக்கு வந்து நிண்டவவோ?"

"ஓம். போன வருசம்."

"மகிழ்ச்சியோடையோ வைச்சிருந்தனீங்கள்? மாதாவைப் பாத்துச் சொல்லுங்கோ."

தன்ரை அம்மாவின்ரை கதை எண்டதும் சுகந்தி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழை வைச்சா.

அந்த நேரம் ஒரு பொய் சொல்லியிருந்தால் இண்டைக்கு நான் நிம்மதியாய் இருந்திருப்பன். ஆனால் சத்தியம் வாங்குற ஆளே பொய் சொன்னால் அந்தத் தொழிலுக்கு என்ன மரியாதை? அதோடை நாலு மாசம் மாமி ரிமோட்டை என்னட்டைத் தரேல்லை.

"வைச்சிருந்தனாங்கள்," எண்டன். "மகிழ்ச்சியோடை எண்டு சொல்லேலாது."

ரெஜினாவின்ரை முகத்திலை அப்பிடி ஒரு வெளிச்சம். சுகந்தியின்ரை முகத்தை நான் பாக்கேல்லை.

ஜெயசீலன் மெல்லக் கிட்ட வந்தார். உங்கடை மாமிக்கு அந்தச் சொல்லு இல்லாமலோ விசா குடுத்தவங்கள் எண்டு கேட்டார். இல்லாமல்தான், எங்கடையை வேறை ஒருத்தர் எழுதினது எண்டன். அப்ப வெட்டுங்கோ எண்டார்.

வெட்டினன். ரெண்டு பேரும் கையெழுத்து வைச்சுச் சத்தியம் பண்ணிச்சினம். முத்திரை குத்தி முடியேக்கை ஜெயசீலன் படியிலை நிண்டார். கூரியர் கடை பூட்ட முதல் போய்ச் சேந்திட்டாராம். என்ரை காசும் வந்தது, ஒரு டப்பா மீன் கட்லட்டும் வந்தது. நல்ல உழைப்பு எண்டு நினைச்சன்.

சுகந்தி காரை எடுத்தா. பாலத்துக்கு நடுவிலை வாயைத் திறந்தா.

"அம்மாவைத் திரும்பக் கூப்பிடப்போறன்."

நல்லது எண்டன்.

"கடதாசியிலை நீங்களும் சத்தியம் பண்ணவேணும். அந்தச் சொல்லோடை."

எனக்கு நானே முத்திரை குத்தேலாது. சொந்த மனிசியிட்டைச் சத்தியம் வாங்கவும் சட்டம் விடாது. வில்லரேயிலை இதே வேலை செய்யிற ஒருத்தரை வீட்டை கூப்பிட வேண்டியதாப் போச்சுது. அவர் பெற்றோலுக்கு என்னைவிடக் கூட எடுக்கிறார்.

போன கிழமை வந்தார். சத்தியமும் பண்ணினன், காசும் குடுத்தன். மகிழ்ச்சியோடை.